தலைப்பால் ஊற்றிய பிறகு: மறுவீட்டுச் சொதியும் ஏழு பேரின் வாந்தியும்

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 52 வயது அம்மா ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டு, சுருக்கமாகச் சொல்கிறேன்.

மகளுக்குக் கல்யாணம் முடிந்து மறுநாள் பெண் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு. நம் பக்கத்து வழக்கப்படி தேங்காய்ப்பால் குழம்பான சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். தவசிப்பிள்ளை விடியற்காலையில் வந்து 12 மணிக்குள் சமையலை முடித்துவிட்டார். மத்தியானம் 120 பேர் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போகும்போது, “சாயந்தரத்துக்குள்ள தீத்துருங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மிச்சச் சொதி அண்டாவோடு மூடி அடுக்களையில் இருந்தது. இரவு 9 மணிக்கு அதை நன்றாகக் கொதிக்கவிட்டு, தங்கியிருந்த உறவுக்காரர்களுக்குப் பரிமாறியிருக்கிறார்கள். அன்று இரவு சாப்பிட்டவர்கள் மொத்தம் 11 பேர். பதினொன்றரை மணிக்கு முதல் ஆள் வாந்தி எடுத்தார். ஒரு மணிக்குள் ஏழு பேர். அதில் ஆறு பேர் மாப்பிள்ளை வீட்டார். 74 வயதுச் சம்பந்தி மயங்கி விழுந்து, இரண்டு நாள் நர்சிங் ஹோமில் டிரிப் ஏற்றவேண்டியதாயிற்று.

கடிதம் எழுதிய அம்மாவும் அந்தச் சொதியைச் சாப்பிட்டவர்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவே இப்போது குற்றமாகிவிட்டது. “மருந்து வச்சுட்டாங்க” என்று சம்பந்தி வீட்டில் பேச்சு. பக்கத்து வீட்டு ஆச்சி பல்லி விழுந்திருக்கும் என்கிறார். சம்பந்தியின் தம்பி, தவசிப்பிள்ளை மேல் போலீஸில் புகார் கொடுக்கவேண்டும் என்கிறார். பன்னிரண்டு நாளாகிவிட்டது, மகளின் போன் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. “நல்லா கொதிக்கவிட்டுத்தானே கொடுத்தேன்? ஊசிப்போன வாடை இல்லையே? கறியா மீனா, சைவச் சாப்பாடுதானே?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும்.

உங்கள் தங்கை மகன், பத்து வயதுப் பையன். அன்று இரவு சோறும் மோரும் மட்டும் சாப்பிட்டவன். அவனுக்கு வாந்தி இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. இப்போதும் வெளிக்கிப் போகும்போது சில நாள் சளியும் ரத்தமும் கலந்து வருகிறது, மெடிக்கலில் வாங்கிய நிறுத்தும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். லோபரமைடு போன்றவை குடலின் அசைவைக் கட்டிப்போடும். ரத்தம் கலந்து போகிற குழந்தைக்கு அது கூடவே கூடாது. வெளியே போகவேண்டிய கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிவிடும். அவன் நோய் மற்ற ஏழு பேரின் நோய் அல்ல. ஷிகெல்லா, சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர், அமீபா என்று பல காரணங்கள் இருக்கலாம். மலப் பரிசோதனை செய்து பார்க்கவேண்டும். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையிலோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகள் மருத்துவரிடம் நாளைக்கே காட்டுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, முகம் வெளுத்தாலோ வீங்கினாலோ நாளை வரைகூடக் காத்திருக்காதீர்கள். இந்தக் கிருமிகளில் சிலவற்றின் நச்சு சிறுநீரகத்தையே தாக்கும்.

இனி உங்கள் மனதை அரிக்கிற விஷயம்.

யார் எதைச் சாப்பிட்டார்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது நீங்கள் கணக்குப் பிள்ளை மாதிரி எழுதிவைத்த பட்டியல். ஒரு விருந்தில் நோய் வந்தால் மருத்துவத்துறை முதலில் செய்வதும் இதைத்தான்: யார் எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று. நீங்கள் எழுதியதை வரிசைப்படுத்திப் பார்த்தேன். சொதி சாப்பிட்டவர்கள் எட்டுப் பேர். ஆறு பேர் சோற்றுக்கு, இரண்டு பேர் இட்லிக்கு. அவர்களில் ஏழு பேருக்கு வாந்தி. இட்லிக்குச் சொதி ஊற்றிக்கொண்ட இருவரும் அந்த ஏழில் உண்டு. சொதியைத் தொடாதவர்கள் மூன்று பேர்: மோர்ச்சோறு சாப்பிட்ட உங்கள் தங்கையும் அவர் மகனும், இட்லிப்பொடி போட்டுக்கொண்ட சம்பந்தியம்மாவும். மூவருக்கும் அன்று இரவு ஒன்றுமில்லை. ஆக, சோறு இல்லை, இட்லி இல்லை, சொதிதான்.

அடுத்தது நேரம். சாப்பிட்ட இரண்டரை மணி நேரத்தில் தொடக்கம். காய்ச்சல் இல்லை. அடக்கமுடியாத வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி, இரண்டு பேருக்குக் காலையில் கொஞ்சம் போக்கு, மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தணிந்துவிட்டது. இந்த முகத்தை நாற்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். ஒரு கிருமி வயிற்றுக்குள் போய், பெருகி, நோயாக மாற இரண்டரை மணி நேரம் போதாது. வயிற்றுக்குள் போகும்போதே நச்சு தயாராக இருந்திருக்கிறது. சொதி அண்டாவிலேயே அது உருவாகிவிட்டது. அண்டாவில் சொதி மிச்சமில்லாததால் பரிசோதனைச் சாட்சி கிடையாது. ஆனாலும் இந்த நேரமும் அறிகுறிகளும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் நச்சைத்தான் காட்டுகின்றன. பேசிலஸ் சீரியஸ் என்று இன்னொன்று உண்டு, அதுவும் இதே வேகத்தில் வாந்தி எடுக்கவைக்கும். ஆனால் அதற்குப் பிடித்த இடம் சோறு. உங்கள் பட்டியலில் சோறு தப்பித்துவிட்டது.

மருந்து இல்லை, கை

ஸ்டெபைலோகாக்கஸ் எங்கிருந்தோ வருவதில்லை. நல்ல ஆரோக்கியமான மனிதர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் மூக்கில் அதைச் சுமந்துகொண்டு திரிகிறார். ஆறாத வெட்டுக்காயம், சீழ்க்கட்டி, நகச்சுற்று இருந்தால் கையில் ஏராளமாக இருக்கும். தேங்காய் திருகிய பையனின் விரலில் துணி சுற்றியிருந்தது, அதே கையால்தான் பால் பிழிந்தான் என்று நீங்கள் எழுதிய இடத்தில் நான் பேனாவால் கோடு போட்டுவைத்தேன்.

சொதியின் பக்குவம் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கறியும் பாசிப்பருப்பும் வேகும். முதலில் பிழிந்த கெட்டித் தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடுவோம், கொதித்தால் திரிந்துவிடும். ருசியே அதில்தான் இருக்கிறது. கிருமிக்கும் வழி அதில்தான் திறக்கிறது. காய்கறியோடு வெந்த பால் நெருப்பைப் பார்த்துவிட்டது. தலைப்பால் சரியாகப் பார்க்கவில்லை. பிழிந்த கையில் இருந்த கிருமி உயிரோடு அண்டாவுக்குள் இறங்கியிருக்கலாம். பரிமாறிய கரண்டி, ருசி பார்த்த கை வழியாகவும் பின்னால் சேர்ந்திருக்கலாம்.

மத்தியானம் சாப்பிட்ட 120 பேருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அப்போது கிருமி கொஞ்சமாக இருந்தது, நச்சை உருவாக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இந்தக் கிருமி நம் உடம்புச் சூட்டில் நன்றாகப் பெருகும். கத்திரி வெயில் காலத்தில் ஓட்டுவீட்டு அடுக்களையின் சூடும் அதற்குப் பக்கத்தில்தான். அதிலும் பெரிய அண்டா மூடிக் கிடந்தால் நடுவில் உள்ள குழம்பு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிற ஒரு கிருமி, எட்டு மணி நேரத்தில் கணக்குப்படி 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். உண்மையில் தொடக்கத்தில் மெதுவாகத்தான் போகும். இருந்தாலும் பன்னிரண்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே நேரம் தாராளமாக இருந்தது.

ஆகவே யாரும் எதையும் வைக்கவில்லை, அம்மா. இடுமருந்துப் பேச்சு நம் ஊரில் எத்தனை குடும்பங்களைப் பிரித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னிடம் வாந்திக்கு வந்தவர்கள், பிறகு மருந்தெடுக்கிற இடத்துக்குப் போய்ப் பணமும் நிம்மதியும் இழந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். பல்லியும் காரணம் இல்லை. வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அதன் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம், எனவே பல்லி விழுந்த உணவைக் கொட்டுவது சரிதான். ஆனால் சால்மோனெல்லா இரண்டரை மணி நேரத்தில் வேலையைக் காட்டாது. ஆறு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் மறுநாள், காய்ச்சலோடு வரும்.

நீங்கள் ஏன் தப்பித்தீர்கள்? கடைசியாக உட்கார்ந்து ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். விருந்தாளிகள் குழிகுழியாக ஊற்றிச் சாப்பிட்டிருப்பார்கள். நச்சுக்கு அளவு முக்கியம். ஒரே அளவு நச்சு போனாலும் எல்லோர் உடம்பும் ஒரே மாதிரி எதிர்ப்பதும் இல்லை. எட்டில் ஒருவர் தப்புவது இதில் வழக்கம்தான். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடிமண்டியைச் சாப்பிடுகிற வழக்கத்தை நான் எப்போதும் கண்டிப்பவன். அன்று அதுதான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொதிக்கவிட்டும் ஏன்

நீங்கள் செய்ததில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. கொதித்தால் எல்லாம் செத்துவிடும் என்பது நம் அம்மாமார் சொல்லித்தந்தது, பாதி உண்மை. கொதித்தபோது கிருமிகள் செத்திருக்கும். அவை ஏற்கெனவே விட்டுப்போன நச்சு சாகவில்லை, ஏனென்றால் அது உயிருள்ள பொருளே அல்ல. அது ஒரு புரதம், அதுவும் சூட்டுக்கு அசையாத வகை. அரை மணி நேரம் கொதித்தாலும் வீரியம் போகாது. பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சு இன்னும் பிடிவாதமானது. பிரஷர் குக்கரின் சூட்டையும் தாங்கும். இந்த நச்சுகள் வயிற்றுச் சுவரிலுள்ள நரம்பைத் தூண்டி மூளையின் வாந்தி மையத்துக்குச் சேதி அனுப்புகின்றன. அதனால்தான் வயிறு காலியான பிறகும் வாந்தி நிற்பதில்லை.

ஊசிப்போன வாடையும் நூலும் வேறு கிருமிகளின் வேலை. நோய் தருபவை பல நேரம் எந்த வாடையும் காட்டாது. 1914-இல் பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பண்ணைப் பாலைப் பற்றி எழுதினார். பாலைக் கறந்ததும் குடித்தால் ஒன்றுமில்லை. சில மணி நேரம் வெளியில் வைத்துக் குடித்தால் வாந்தி. அவரே குடித்து அவஸ்தைப்பட்டு, அந்தப் பாலில் இருந்தது ஸ்டெபைலோகாக்கஸ் என்று காட்டினார். கறந்ததற்கும் குடித்ததற்கும் நடுவில் போன நேரம்தான் அங்கேயும் வித்தியாசம்.

“சைவச் சாப்பாடுதானே” என்று கேட்டிருந்தீர்கள். இந்த நம்பிக்கையால் நம் வீடுகளில் கறிக்குழம்புக்குக் காட்டுகிற பயத்தைத் தேங்காய்ப்பாலுக்குக் காட்டுவதில்லை. ஈரம், கொழுப்பு, புரதம், வெதுவெதுப்பு எல்லாம் இருக்கிற சொதி, கிருமிக்குக் கறிக்குழம்புக்குக் குறைந்த விருந்து அல்ல. கறிக்கு வேறொரு ஆபத்து உண்டு: கோயில் கொடையில் கிடா வெட்டி, பெரிய அண்டாவில் வைத்த குழம்பை மறுநாள் வரை வைத்துச் சாப்பிட்டு, எட்டுப் பத்து மணி நேரம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். கெட்டி உறைக்குள் உறங்குகிற அதன் விதை சமையல் சூட்டில் சாகாது. குழம்பு ஆறும்போது முளைத்து, காற்றில்லாத அடிப்பகுதியில் பெருகும். நச்சை நம் குடலுக்குள் போன பிறகுதான் உண்டாக்கும். இதை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டால் தடுத்துவிடலாம். கொதிக்கவைப்பது ஒரு குழம்புக்குப் பலிப்பதும் இன்னொன்றுக்குப் பலிக்காததும் இதனால்தான்.

குடலுக்குள் நச்சு உண்டாவது பற்றிப் பேசும்போது, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் மகளுக்குக் குழந்தை பிறக்கும்; பெரியவர்கள் அதன் நாக்கில் சேனை வைக்கத் தேனை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். தேனில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்காமல் போய்விடும். பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்கிற நச்சை உண்டாக்கும். அரிதுதான். ஆனால் ஒரு துளித் தேனுக்காக அந்தத் துணிச்சல் வேண்டாம்.

சம்பந்தி மயங்கியது எதனால்

இந்த இடத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். “தண்ணி குடுத்தா இன்னும் வாந்தி வரும்” என்று விடியும்வரை ஒரு மடக்குகூடக் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 74 வயது. பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை வேறு சாப்பிடுகிறார். அவரை மயங்கவைத்தது நச்சு மட்டும் அல்ல, நீர் வற்றியதும்தான்.

1971-இல் வங்கதேசப் போரின்போது போங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு டிரிப் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, வீட்டாரையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு மூன்று நான்காகக் குறைந்தது. அதற்கு முன் 1959-இல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே, காலரா என்பது குடலில் கிருமி விடுகிற நச்சின் வேலை என்று முயல் குடலை வைத்து நிரூபித்திருந்தார். அந்த நச்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்டவைக்கிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகிற வாசலை அதனால் அடைக்க முடிவதில்லை. அந்த வாசல் வழியாகத்தான் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்கிறது. உங்கள் வீட்டில் வந்தது காலரா அல்ல. ஆனால் மருந்து அதேதான்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒரு தேக்கரண்டி, மறுபடி ஒரு தேக்கரண்டி என்று கொடுங்கள். மடமடவென்று குடிக்கக் கொடுத்தால்தான் திரும்ப வரும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கவேண்டும். ஒரு லிட்டர் பொட்டலமும் உண்டு, சின்னதும் உண்டு. கடையில் வண்ண டப்பாவில் விற்கிற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. நடுராத்திரியில் பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் பரவாயில்லை. நச்சால் வந்த வாந்திக்கு ஆன்டிபயாடிக் பிரயோசனமே இல்லை. அன்று ஏழு பேருக்கும் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்தது வீண்.

நாக்கு வறண்டு, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, ரத்தம் போனாலோ, காய்ச்சல் ஏறினாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. பார்வை இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது இருந்தால் அது வேறு வகை நச்சு. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர் என்றால் சின்ன அறிகுறிக்கே கிளம்பிவிடுங்கள்.

தவசிப்பிள்ளை மேல் புகார்

சட்டம் என் துறை அல்ல. தெரிந்த மட்டில் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் பொருந்தும். பாதுகாப்பற்ற உணவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதற்கு அதன் 65-ஆம் பிரிவில் இடம் உண்டு. புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் கொடுக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கவேண்டியதில்லை. ஆனால் மிச்ச உணவு இல்லை, பரிசோதனை இல்லை. சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லிவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். மத்தியானம் அவர் பரிமாறிய சொதியில் ஒருவருக்கும் நோய் இல்லை. காயம்பட்ட கையோடு பால் பிழியவிட்டது அவர் தவறு. எட்டு மணி நேரம் வெளியில் வைத்தது உங்கள் வீட்டின் தவறு. இரண்டும் சேர்ந்ததால்தான் நோய். அந்த வயதான தவசிப்பிள்ளை மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைக் கூப்பிட்டு, கையில் காயம் உள்ளவர்களைத் தேங்காய், பச்சடி, பரிமாறல் பக்கம் விடாதீர்கள் என்று சொன்னால் அடுத்த கல்யாண வீட்டுக்கு உதவும்.

இனிமேல் சொதி வைக்கும்போது, இரவுக்கு வேண்டியதைத் தலைப்பால் ஊற்றுவதற்கு முன்பே தனியே எடுத்துச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவில் கொதிக்கவிட்டு, புதிதாகப் பிழிந்த தலைப்பாலை ஊற்றுங்கள். ருசியும் கெடாது.

பழைய சோறே இனிக் கூடாது என்று உங்கள் மகன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அப்படி ஒதுக்கவேண்டியதில்லை. வடித்த சோறு ஆறியதும் தாமதிக்காமல் தண்ணீர் ஊற்றினால், புளிக்கவைக்கிற நல்ல நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி மற்றவற்றைப் பெருகவிடாமல் அமுக்கும். ஆபத்து, தண்ணீர் ஊற்றாமல் மத்தியானத்திலிருந்து இரவுவரை அண்டாவில் குவித்துவைக்கிற சோற்றில்தான். அதைப் புளியோதரையாகக் கிளறினாலும், எண்ணெயில் வறுத்தாலும் பேசிலஸ் சீரியஸின் நச்சு போகாது.

மகள் விஷயம். போனில் விளக்கப் பார்க்காதீர்கள். கோபத்தில் இருப்பவர்களுக்குப் போனில் எதுவும் ஏறாது. உங்கள் வீட்டு அத்தானையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். சம்பந்தியின் உடம்பை விசாரியுங்கள், “வெளியில் வைத்தது எங்க தப்புதான்” என்று முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள்: பதினொரு பெயர், எதிரே சாப்பிட்டது, எதிரே ஆனது. மருந்து வைத்தவர் யார் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் அதில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அன்று இட்லிப்பொடியோடு நிறுத்திக்கொண்ட சம்பந்தியம்மாவுக்கு அந்தத் தாள் முதலில் புரியும்.